ஒரு முகூர்த்தத்துக்கு

— இந்த எடத்துல நான் எதுக்கு சார் அழுவணும்?

— பதினெட்டு வருஷம் கழிச்சி வந்து நிக்கிறான், இந்திராணி. அழாம இன்னா பண்ணுவ?

— துன்னியான்னு கேப்பேன்.

— நாடகத்துல அப்படிக் கேக்க முடியாது.

— ஏன், நாடகத்துல யாருக்கும் பசிக்காதா?

— நான் சொல்றது இன்னான்னா, இது கடைசி சீன். ராகவன் கதவாண்ட நிக்கிறான். சாரதா திரும்பிப் பாக்கிறா. ஓடி வந்து கால்ல வுழறா. 'இத்தன நாளும் உங்களுக்காகத்தான் மூச்சு விட்டேன்'னு சொல்றா. கர்டன். இதுல உனக்கு இன்னா கஷ்டம்?

— கஷ்டம் ஒண்ணும் இல்ல. மூணு மணிக்கு நம்ம நாடகம், சொல்லச் சொன்னா சொல்லுவேன். நேத்து நெல்லூர் டீமுக்கு இதே மேடையில இதேதான் சொன்னேன், அங்க அவன் மிலிட்டரி. நாளைக்குக் காலையில கடப்பா டீமு, அங்க அவன் டாக்டரு. மூணு நாள்ல மூணு பேருக்காக மூச்சு விட்டுக்கினு கீறேன் சார். எனக்குன்னு விடறதுக்கு மிச்சம் இல்ல.

— உனக்கு இன்னிக்கு மனசு சரியில்ல.

— முட்டிக்காலு சரியில்ல. இந்த ரூம்ல ஃபேன் சரியில்ல. மனசு நல்லாத்தான் கீது.

— ஒரு தடவ தெலுகுல சொல்லிப் பாரு. மேடையில சொல்லப் போறது தெலுகுதானே. தமிழ்ல பேச ஆரம்பிச்சாலே உனக்கு சண்ட வந்துடுது.

— நகரியில பொறந்தவளுக்கு நாடகத்துக்குத் தெலுகு, சண்டைக்குத் தமிழு. நீங்க மட்டும் இன்னா சார்? பிச்சாட்டூரு ஆபீஸ்ல நாள் பூரா தெலுகுல எழுதறீங்க. நேத்து லைட்டுக்காரன் மேல கோவம் வந்ததும் எதுல திட்டினீங்க?

— சரே, வுடு. பன்னெண்டு வருஷமா என் நாடகத்துல நடிக்கிற. ஒரு நாளும் டயலாக்க மாத்துங்கன்னு கேட்டதில்ல. இன்னிக்கு இன்னா புதுசா?

— கேட்டா அடுத்த வருஷம் வேற பொம்பளைய கூப்டுவீங்க. அதான் கேக்கல.

— நான் அப்படிப்பட்ட ஆளா?

— நீங்க மட்டும் இல்ல, இந்தப் போட்டி நாடகம் ஆடற எல்லா டீமும் அப்படித்தான். ஆம்பளைங்க எல்லாம் உத்தியோகக்காரங்க. நீங்க ஆபீஸு. நரசிம்மன் தபால்காரரு. அந்த வில்லன் வேஷக்காரரு ஸ்கூல் வாத்தியாரு. ஆசைக்கு ஆடறீங்க. பொம்பள வேஷத்துக்கு மட்டும் உங்க வூட்டுப் பொம்பளைங்கள அனுப்ப மாட்டீங்க. வெளியிலேர்ந்து என்ன மாதிரி ஒருத்திய கூலிக்குக் கூப்டுவீங்க. காலையில பஸ் எறங்கி, ரெண்டு ரிகர்சல் பாத்து, மதியானத்துக்குள்ள உங்க பொண்டாட்டி ஆயிடணும். ஆட்டம் முடிஞ்சதும் பொட்ட அழிச்சிட்டு பஸ் ஏறிடணும். இதுல டயலாக்க மாத்துன்னு நான் எங்க கேக்கறது?

— அப்ப இன்னிக்கு ஏன் கேட்ட?

— இந்த சாரதா நான்தான்னு நரசிம்மன் சொன்னாரு.

— அவனுக்கு வாய் நீளம்.

— அப்ப பொய்யா?

— வெளியில யாருனா நிக்கிறாங்களா பாரு.

— ஒருத்தரும் இல்ல. மொட்ட போட்டுக்கினு ஒரு குடும்பம் ரோட்டுல போவுது, அவ்ளோதான். பொய்யா சார்?

— பொய் இல்ல.

— அப்ப அந்த ராகவன் நீங்களா?

— கொஞ்சம்.

— கொஞ்சம்னா, எது வரைக்கும்? சீன் ஒண்ணு வரைக்குமா, கடைசி வரைக்குமா?

— இந்திராணி, நான் எழுதறவன். நேரா பேச வராது. அதான் எழுதினேன். படிச்சா உனக்குப் புரியும்னு நெனச்சேன்.

— புரிஞ்சிச்சி. புரிஞ்சிதான் கேக்கறேன், நான் எதுக்கு அழுவணும்னு.

— நாடகமா பேசறோமா, நம்ம விஷயம் பேசறோமா?

— முதல்ல நாடகம் பேசுவோம். அதுல சண்ட போட்டா பழக்கம் கீது. சார், இப்ப வர்ற நாடகம் எல்லாம் புதுசுன்னு சொல்லிக்கிறீங்க. கிரீடம் இல்ல, ஆர்மோனியம் இல்ல, பத்யப் பாட்டு பாடறது இல்ல. செல்போன வெச்சிக்கினு வர்றான், லேப்டாப்ப வெச்சிக்கினு வர்றான். ஆனா அவன் எதுக்குப் பொம்பளைய தேடி வர்றான்? முதல் சீன்ல அவ அழகா கீறா, அதுக்கு வர்றான். நடுவுல லட்சியம்ங்கறான், வுட்டுட்டுப் போறான். கடைசில மனசு உறுத்துது, மன்னிப்புக்கு வர்றான். மூணும் அவனுக்கு. அவ எதுக்கு அவன லவ் பண்றான்னு ஒரு சீன் எழுதியிருக்கீங்களா?

— காதல்தான் காரணம். அதுக்கு மேல காரணம் எதுக்கு?

— ஆம்பளைக்கு மட்டும் மூணு காரணம் வெச்சிருக்கீங்களே.

— பொம்பள மனசு வேற. அது சுத்தம். எதிர்பாக்காது. அதத்தான் நான் ஒசத்தி எழுதறேன், நீ கொறையா எடுத்துக்கற.

— அக்காங். எதிர்பாக்காது. ஜட்ஜிங்களும் அதுக்குத்தான் மார்க்கு போடறாங்க. முப்பது நாடகத்துல எதிர்பாக்காம இருந்திருக்கேன் சார். ரெண்டு நாடகத்துல எதிர்பாக்காமலே செத்தும் போயிருக்கேன்.

— சரி நீ சொல்லு. ஒரு பொம்பள எதுக்குக் காதலிக்கிறா?

— எங்க தெருவுல பிரேமலதான்னு ஒரு பொண்ணு. தறி வூட்டுல வேல. எதிர் வூட்டுப் பையன லவ் பண்ணிக் கட்டிக்கினா. ஏன்டி இவனன்னு கேட்டேன். 'அவுங்க வூட்ல பாத்ரூம் கீதுக்கா'ன்னா.

— இது காதலா? இத மேடையில சொன்னா சிரிப்பாங்க.

— நானும் சிரிச்சேன். அப்பறமா யோசன பண்ணிப் பாத்தேன். அந்தத் தெருவுல பத்து வூட்ல பாத்ரூம் கீது. பத்து வூட்லயும் பையன் கீறான். இவனத்தான் பாத்தா. அவன் வெளியில போனா தறிய நிறுத்திட்டு எட்டிப் பாப்பா, எனக்குத் தெரியும். அத வாயால சொல்ல அவளுக்கு வெக்கம். பாத்ரூம்னு சொல்லிட்டா. ரெண்டும் கலந்துதான் கீது. நீங்க ஒண்ண மட்டும் எடுத்து வெச்சி எழுதறீங்க.

— நல்லா பேசற. இத எழுதி வெச்சிக்கணும்.

— எழுதுங்க. பேர மாத்திடுங்க.

— இப்ப நம்ம விஷயத்துக்கு வரலாமா?

— வாங்க.

— ஜூன்ல ரிடையர் ஆவறேன்.

— தெரியும். மால போட்டு, கைக்கடிகாரம் குடுத்து, வேன்ல வூட்டுல கொண்டாந்து வுடுவாங்க.

— சிரிக்காத. என் சம்சாரம் போயி அஞ்சு வருஷம் ஆச்சி. பையன் ஸ்ரீஹரி பெங்களூர்ல. மாசத்துக்கு ஒருக்கா போன் பண்ணுவான், எப்படி கீற நைனாம்பான், நல்லா கீறேன்பேன். முடிஞ்சி போச்சி. ஆபீஸ் இருக்கறதால பகல் ஓடுது. ஜூனுக்கு அப்பறம் அந்த வூட்ல இன்னா பண்றதுன்னு தெரியல. ஒரு சீன் எழுதினா படிச்சிக் காட்ட ஆள் இல்ல. சுவத்துக்குப் படிச்சிக் காட்டறேன். மாத்திரை துன்னியான்னு கேக்க ஆள் இல்ல. சாயங்காலம் நாலு மணி ஆனா பயமா இருக்குது இந்திராணி. உண்மையச் சொல்றேன்.

— ம்.

— ம்னா?

— கேட்டுக்கினு கீறேன். படிச்சிக் காட்ட ஒரு ஆள். மாத்திரை கேக்க ஒரு ஆள். நாலு மணிக்கு ஒரு ஆள். அப்பறம்?

— நீ கணக்கு வாத்தியார் மாதிரி கேட்டா நான் இன்னா சொல்றது? உன்ன நெனச்சா மனசுக்கு நல்லா இருக்குது. அதுக்குப் பேரு எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான்.

— மூணு வருஷம் முன்னாடி ஒங்கோல்ல நாடகம். எனக்கு ஜொரம். பஸ் ஸ்டாண்டுலயே வுழுந்துட்டேன். நீங்க எனக்குப் பதிலா தேவசேனாவ கூப்டு ஆடினீங்க.

— நாடகம் நிக்கக் கூடாதில்ல? உனக்குப் பழம் அனுப்பினேனே நரசிம்மன்கிட்ட.

— நரசிம்மன் வழியிலயே துன்னுட்டாரு.

— அது எனக்கு எப்படித் தெரியும்?

— பழம் வந்துச்சான்னு ஒரு போன் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். நான் குத்தம் சொல்லல சார். எனக்குக் கோவம் கூட இல்ல, கோவப்பட ஒடம்புல தெம்பு இல்ல. நான் இன்னா சொல்றேன்னா, உங்க பக்கம் பாத்தா லவ்வு. என் பக்கம் பாத்தா அது வேல. மாத்திரை எடுத்துக் குடுக்கறது, கத கேக்கறது, நாலு மணிக்குப் பக்கத்துல குந்தறது.

— அப்ப முடியாதுங்கறியா?

— முடியாதுன்னு நான் எங்க சொன்னேன்?

— இந்திராணி?

— கட்டிக்கறேன்.

— நெஜமாவா?

— ஒரு காரணம் கீது. அத முதல்லயே சொல்லிடறேன். அப்பறம் நீங்க ஏமாந்துட்டேன்னு நாடகம் எழுதக் கூடாது.

— சொல்லு.

— காவ்யாவுக்கு அடுத்த மாசம் இருபத்தி மூணு கல்யாணம்.

— தெரியும். நர்ஸு வேல பாக்கற எடத்துலயே பையன்னு சொன்ன. புத்தூர் மண்டபம்.

— அக்காங். தார வாக்கறதுக்கு மணையில அப்பனும் ஆத்தாவும் ஜோடியா குந்தணும். பொண்ணு கைய புடிச்சி, தண்ணி வுட்டு, மாப்பிள்ள கையில குடுக்கணும். காவ்யாவுக்கு நாலு வயசுல அவுங்க அப்பன் போயிட்டான். தாலி அறுத்தவ மணை ஏறக் கூடாது. மேடையில வாரத்துக்கு மூணு தாலி கட்டிக்கறேன், மூணு பேருக்கும் பொண்டாட்டி. என் பொண்ணு கல்யாணத்துல நான் சமையக்கட்டுல நிக்கணும்.

— இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்கறாங்க?

— உங்க நாடகத்துல யாரும் பாக்கறதில்ல. புத்தூர்ல பாக்கறாங்க.

— உங்க அண்ணன்? வேங்கடாசலம்தானே பேரு? அவரும் அவரு சம்சாரமும் குந்தினா ஆச்சில்ல?

— நான் மொதல் நாடகம் போன அன்னிக்கு, இனிமே உன் வூட்டு வாசல மிதிக்க மாட்டேன்னு போனவரு. உங்களுக்கே தெரியுமே அந்த சங்கதி.

— அதனால?

— அதனால, முகூர்த்தத்துக்கு முன்னாடி நாகலாபுரம் கோயில்ல ஒரு மஞ்ச கயிறு கட்டுங்க. இருபத்தி மூணாம் தேதி பட்டு வேட்டி கட்டிக்கினு வந்து எம்பக்கத்துல மணையில குந்துங்க. அப்பறம் நீங்க சொல்ற மாத்திரை, கத, நாலு மணி, எல்லாம் நான் பாத்துக்கறேன்.

— இதான் காரணமா?

— இதான்.

— வேற ஒண்ணும் இல்லியா?

— இது போதாதா?

— நான் உன்னக் கேட்டது வாழறதுக்கு. நீ என்னக் கேக்கறது ஒரு முகூர்த்தத்துக்கு.

— பன்னெண்டு வருஷமா நீங்க என்ன ஒண்ணரை மணி நேரத்துக்குத்தானே சார் கூப்டீங்க. கூலிக்குப் பொண்டாட்டியா வந்தேன். நான் ஒரு நாளும் மொகம் சுளிக்கல.

— அது நாடகம்.

— உங்களுக்கு.

— இந்திராணி, நான் மணையில குந்த மாட்டேன்னு சொல்லல. ஆனா ஒரு ஆள் தேவைப்படுது, அதுக்கு நான் கெடச்சேன், இதத் தெரிஞ்சிக்கினு எப்படி குந்தறது? எனக்கும் ஒரு மானம் இருக்குதில்ல? நாளைக்கு வேற ஒருத்தன் பட்டு வேட்டி கட்டிக்கினு வந்து நின்னா, அவனும் சரிதான்பியா?

— வேற யாரையும் நான் கேக்கல.

— கேக்கலன்னா, கேக்க ஆள் இல்ல.

— அப்படியே வெச்சிக்கோங்க.

— ஒரு வார்த்த சொல்லு. ஒண்ணே ஒண்ணு. உனக்கும் எம்மேல கொஞ்சம் இருக்குதுன்னு சொல்லு. மணையில இல்ல, முள்ளு மேல குந்தச் சொன்னாலும் குந்தறேன்.

— இது உங்களோட மூணாவது நாடகம், ரெண்டாவது சீன். முள்ளுக்குப் பதிலா அதுல நெருப்பு.

— நான் இப்ப நடிக்கல.

— தெரியுது. கண்ணுல தண்ணி வருது உங்களுக்கு. மேடையில வந்ததே இல்ல.

— அப்ப சொல்லு.

— எப்படி சார் சொல்றது? அந்த வார்த்தைய எத்தன பேர்கிட்ட சொல்லியிருக்கேன். மிலிட்டரிகிட்ட சொன்னேன், டாக்டர்கிட்ட சொன்னேன், கலெக்டர் வேஷம் போட்ட ஒரு மளிகக் கடக்காரர்கிட்ட சொன்னேன். சொல்லிச் சொல்லி தேஞ்சி போச்சி. இப்ப வாயத் தொறந்து சொன்னா, ஜட்ஜுக்குக் கேக்குதான்னுதான் எனக்குத் தோணும். நான் சொன்னா எனக்கே நம்பிக்க வராது. எதுனா வேல இருந்தா சொல்லுங்க, செய்யறேன். எதுனா வேல இருந்தா உங்ககிட்ட கேக்கறேன். எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்.

— அது போதாது எனக்கு.

— போதாதா?

— போதாது. ரிடையர் ஆவற வயசுல தேவைக்கு ஒரு ஆளா போயி குந்த முடியாது. இருந்தா இருக்குதுன்னு சொல்லணும். இல்லன்னா வாணாம். வேற ஏதாவது ஜோடிய பாரு. ஊர்ல புருஷனும் பொண்டாட்டியுமா ஆயிரம் பேர் இருக்காங்க.

— சரி.

— கோச்சிக்கினியா?

— இல்ல சார். களைப்பா கீது. மேக்கப்காரரு ரெண்டு தடவ கூப்ட்டாரு. போறேன்.

— அந்தக் கடைசி டயலாக்கு?

— சொல்றேன். கவலப்படாதீங்க. ஓடி வந்து கால்ல வுழுந்து, மூச்சு விட்டேன்னு சொல்றேன். அழுவக் கூட செய்யறேன். இன்னிக்கு அழுவறதுக்கு ஒண்ணும் கஷ்டம் இருக்காது.

— முட்டிக்கால் வலிக்குதுன்ன. மெதுவா வுழு.

— மெதுவா வுழுந்தா மார்க்கு போட மாட்டாங்க.

— ஐயா, உள்ள வரலாமா? நாகபூஷணம் சார்தானே? நான் காவ்யா.

— காவ்யாவா? வாம்மா, வா. ரொம்ப நாள் ஆச்சி பாத்து. அம்மா இப்பதான் மேக்கப்புக்குப் போனா. குந்து.

— இல்ல சார், பரவால்ல. டூட்டி முடிஞ்சி நேரா வர்றேன். ஆஸ்பத்திரி இங்கதான், ரெண்டு ஸ்டாப். தயிர் சாதம் கொண்டாந்தேன். அம்மா ஆட்டத்துக்கு முன்னாடி வேற எதுவும் துன்னாது. அப்பறம் முட்டிவலி மாத்திரை. நேத்து மறந்துட்டு வந்துடுச்சி.

— மாத்திரை வேற போடறாளா? எனக்குத் தெரியாதே.

— ஒரு வருஷமா சார். படி ஏறக் கூடாது, மண்டி போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எங்க கேக்குது? இந்த சீசனோட நிறுத்துறேன்னு சொல்லிச்சி. நாளைக்குக் கடப்பாக்காரங்க நாடகம் முடிஞ்சா அவ்ளோதான்.

— நிறுத்துறாளா? எங்கிட்ட சொல்லலியே.

— கடைசியா சொல்லும் சார். அம்மா எதையும் நேரா சொல்லாது.

— வூட்டுல என் நாடகத்தப் பத்திப் பேசுவாளா?

— பேசாது. ஆனா உங்க நோட்டு வந்தா மட்டும் ஒரு வாரத்துக்கு எல்லாரும் அமைதியா இருக்கணும். மத்த டீமு டயலாக்க பஸ்ல போகும்போது பாத்துக்கும். உங்களது முழுக்க மனப்பாடம். உங்க பார்ட்டையும் சேத்து. சமைக்கும்போது ரெண்டு பேரு மாதிரியும் பேசிக்கினு கீறும், எனக்கு சிரிப்பா வரும்.

— என் பார்ட்டையுமா?

— அக்காங் சார். நீங்க மேடையில மறந்துட்டா எடுத்துக் குடுக்கணும்னு சொல்லும்.

— நான் மறந்ததே இல்லியே.

— நான் கூட கேட்டேன் அத.

— காவ்யா, இங்க கேளு. நான் ஒண்ணு சொல்றேன், அம்மாகிட்ட சொல்லணும். நானே சொல்லலாம், இப்ப மேக்கப்ல இருப்பா. அப்பறம் மேடைக்குப் போயிடுவோம், பேச முடியாது. ஆட்டத்துக்கு முன்னாடி அவளுக்குத் தெரியணும்.

— சொல்லுங்க சார்.

— நான் ஒத்துக்கறேன்னு சொல்லு. அவ ஒண்ணும் சொல்ல வாணாம். எம்மேல இருக்குதா இல்லியான்னு கேக்க மாட்டேன். ஒரு பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு ஆள் தேவைப்படுது, அந்த ஆளா நான் இருந்துட்டுப் போறேன். அதுல ஒண்ணும் எனக்குக் கொறைஞ்சிடாது. பட்டு வேட்டி கூட இருக்குது, ஸ்ரீஹரி வாங்கிக் குடுத்தது. இருபத்தி மூணாம் தேதி மணையில வந்து குந்தறேன்னு சொல்லு.

— எந்த மணையில சார்?

— உன் கல்யாணத்துலம்மா. தார வாக்க.

— அதுக்கு வேங்கடாசலம் மாமாவும் கிருஷ்ணம்மா அத்தையும்தானே சார் குந்தறாங்க.

— உங்க மாமாவா? அவருக்கும் அம்மாவுக்கும் பேச்சே இல்லியே.

— அதெல்லாம் ரெண்டு மாசம் ஆச்சி சார். நிச்சயத்துக்கு முன்னாடி அம்மாவே அவுங்க வூட்டுக்குப் போயி, கால்ல வுழுந்து, சமாதானம் பண்ணிக்கினு வந்துச்சி. பத்திரிகையில அவுங்க பேர்தான் போட்டிருக்குது. அப்ப அம்மா உங்கள எதுக்கு சார் கேட்டுச்சி?